ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு ஒரே மூக்கு

சின்ன மிஸ் வீட்டில் யாருக்கும் கை சும்மா இருக்காது. அம்மாவுக்குத் துணி ஆல்ட்டர் செய்யும் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் பேண்ட்டைக் குட்டையாக்கி, அடுத்தவர் சட்டையை இறுக்கிவிட்டு வந்தும் ஆசை அடங்காது. பஸ் ஸ்டாப்பில் முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரின் காலர் மடங்கியிருந்தால், "கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று பின்னாலிருந்து இழுத்துச் சரிசெய்துவிடுவாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி முறைத்தால், "உங்க முதுகு உங்களுக்கா தெரியப்போகுது? பின்னாடி நிக்கறவங்களுக்குத்தானே தெரியும்" என்பாள். அண்ணன் வண்டி மெக்கானிக். ஒருமுறை தெரிந்தவர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கதவு கிரீச்சென்றது. சாப்பாடு பரிமாறுவதற்குள் கீலைக் கழற்றிவிட்டான். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவி, தெருமுனை தாண்டும்போதும் அந்த வீட்டுக்குக் கதவில்லை.

அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி கையில் பென்சில் கிடைத்தது. பேப்பரில் வரும் போட்டோக்களில் யாருக்கு வாய் கோணலோ அவர்களுக்கெல்லாம் வாயை நேராக்கிக்கொண்டே வளர்ந்தாள். ஓவியக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, தோழி ஒருத்தி பாதி வரைந்த மரத்தை அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் மரத்தில் இலை வந்துவிட்டிருந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் பேசவில்லை. இலை நன்றாக வந்திருந்ததுதான் அவளுக்கு அதிகக் கோபம்.

இப்படிப்பட்டவள் ஓவிய ஆசிரியர் படிப்புக்குப் போனாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். படிப்பின் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். நன்றாக நடத்தினால் ஆசிரியர். இல்லையென்றால் அடுத்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து. அம்மாவோ இதற்குள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், "எம் பொண்ணு டீச்சராயிட்டா" என்று அளவு எடுக்கும்போதே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஓவிய அறை மாடியின் கோடியில் இருந்தது. ஒரு காலத்தில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்த அறை. இப்போதும் நாற்காலிகள் உடைந்தவைதான். பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதால் வெளியே தெரியவில்லை. மூலையில் ஒரு தொட்டி, அதன் மேல் மூடினாலும் சொட்டும் குழாய். அலமாரியில் பெயிண்ட் பாட்டில்கள். நீலம் மட்டும் எப்போதும் நிறைய இருக்கும், மஞ்சள் எப்போதும் தீர்ந்திருக்கும்.

அங்கே ஏற்கெனவே ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். பயிற்சிக்கு ஆள் வருகிறது என்றதும் அவர் முகத்தில் விளக்கெரிந்தது.

"வாம்மா வா. இது பெயிண்ட், இது தண்ணி, அது கிளாஸ். மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேராக நூலகத்துக்குப் போய், முகத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். மூச்சு விடும்போதெல்லாம் தலைப்புச் செய்தி ஏறி இறங்கியது. அவர் பெரிய சார் ஆனதால் இவள் சின்ன மிஸ் ஆனாள்.

முதல் நாள் ஏழாம் வகுப்பு பி பிரிவில் நுழைந்து, "எல்லாரும் அமைதியா உக்காருங்க" என்றாள். அவள் குரல் அவள் உதட்டைத் தாண்டவில்லை. பின் பெஞ்சில் இருவர் ஒரு பையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒருவன் வெளியே யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து வாசல் பக்கமிருந்து, "என்ன சத்தம் இங்க? இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டா?" என்று தலைமையாசிரியையின் குரல் இடித்தது. அறை கப்சிப். சின்ன மிஸ் அடித்துப்பிடித்துத் திரும்பி, "சாரி மேடம்" என்றாள். வாசலில் யாருமில்லை. முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள்.

"அது ரேடியோ மிஸ்" என்றான் பக்கத்தில் இருந்தவன். "எல்லா ஸ்டேஷனும் எடுக்கும்."

ரேடியோவின் தொண்டையில் அந்தப் பள்ளிக்கூடமே குடியிருந்தது. கணக்கு சாரின் இருமல், வாட்ச்மேன் கேட்டை மூடும்போது விடும் பெருமூச்சு, பெரிய சாரின் "பாத்துக்கலாம்" எல்லாம் வரும். அந்த முதல் நாளே சின்ன மிஸ்ஸிடம் நிலவரத்தையும் சொல்லிவிட்டாள்: "ஆறாவதுல குடுவை வரைஞ்சோம் மிஸ். ஏழாவதுலயும் குடுவைதான். எட்டாவதுல குடுவைக்கு நிழல் வருமாம். அண்ணனுங்க சொன்னாங்க."

சின்ன மிஸ் குடுவையை அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். செருப்பு வரைந்தார்கள், கசங்கிய காகிதம் வரைந்தார்கள், பக்கத்துப் பிள்ளையின் தலையைப் பின்பக்கமாக வரைந்தார்கள். சின்ன மிஸ் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் கண்ணால் மட்டுமல்ல. ஒரு வாரம் கழித்து ரேடியோவின் தொண்டையில் புது ஸ்டேஷன் ஒன்று வந்தது. "இப்படிக் குடு கண்ணு, நான் லேசா மட்டும்" என்று மெல்லிய குரலில் அவள் சொன்னதும் வகுப்பு உருண்டு சிரித்தது. அது யார் குரல் என்று சின்ன மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. "யாரு இது, சயின்ஸ் மிஸ்ஸா?" என்று கேட்டாள். வகுப்பு இன்னொரு முறை உருண்டது.

கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வருபவர் ஒரு மேடம். நடந்தால், உட்கார்ந்தால், தும்மினால்கூட நேராகத்தான் இருப்பார். மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் ஸ்கேல் மேடம். முதல் தடவை வந்தபோது பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். வகுப்பு முடிந்ததும் சின்ன மிஸ்ஸைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார். ரேடியோ அங்கே பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த பிரஷைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குழந்தை பேப்பர்ல உன் பென்சில் படக் கூடாது" என்றார் மேடம். "அவன் கோணலா போட்டா அது அவன் கோணல். அத நீ நேராக்கினா அவனுக்கு என்ன மிச்சம்? கடைசியா ஒரு தடவை வருவேன். பின் சுவத்துல பிள்ளைங்க படம் மாட்டியிருக்கணும். அதுல எங்கயாவது உன் கை தெரிஞ்சா, அடுத்த வருஷம் மறுபடி ஆரம்பிச்சுக்கலாம். என்ன?"

"சரிங்க மேடம்" என்றாள் சின்ன மிஸ். மனதாரத்தான் சொன்னாள்.

சுவரில் மாட்டுவதற்கு அவரவர் முகத்தை அவரவரே வரைவது என்று முடிவாயிற்று. அதில்தான் வினை வந்தது. தலைமுடி வரைய யாருக்கும் கஷ்டமில்லை, கறுப்பாகத் தேய்த்தால் போதும். கண்ணுக்கு இரண்டு மீன் போட்டார்கள். வாய்க்கு ஒரு வாழைப்பழம். மூக்குதான் யாருக்கும் படியவில்லை. ஒருத்தி ஏழு என்று எழுதி வைத்தாள். ஒருவன் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, "ஓட்டை மட்டும் போட்டிருக்கேன் மிஸ், மூக்கு அப்புறம் வரும்" என்றான். பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக் கடித்தே முயல் என்று பெயர் வாங்கிய பையன் ஒருவன் இருந்தான். வகுப்பில் அவன் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அவன் போட்டுப் போட்டு அழித்து, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் நைந்து மறுபக்கம் தெரிய ஆரம்பித்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மேஜை முன்னால் நின்றான்.

"மிஸ், எனக்கு மூக்கு வரல."

அவன் நின்ற நிலையைப் பார்த்தால் கல்லும் பென்சிலை எடுக்கும். சின்ன மிஸ் வாசலைப் பார்த்தாள். ஸ்கேல் மேடம் இல்லை. "இப்படிக் குடு, லேசா மட்டும்" என்று ஒரு கோடு, ஒரு வளைவு, கீழே சின்ன நிழல். அவ்வளவுதான். முயல் காகிதத்தைக் கையில் வாங்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தான். "மிஸ், நான் பெரிய ஆள் மாதிரி இருக்கேன்" என்றான். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த நிமிஷம் மேஜை முன்னால் வரிசை நின்றது. சின்ன மிஸ் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். கண் அவர்களுடையது, வாய் அவர்களுடையது, முடி அவர்களுடையது. முகத்தில் மூக்கு எவ்வளவு பெரிசு? விரல் கனம். விரல் கனத்துக்கு ஒரு வருஷம் போய்விடுமா என்ன?

மேடம் வருவதற்கு முந்தின நாள், பள்ளி விட்ட பிறகு, ரேடியோவும் முயலும் இன்னும் சிலரும் இருந்து படங்களைப் பின் சுவரில் ஒட்டினார்கள். கடைசிப் படத்தை ஒட்டிவிட்டு ரேடியோ பின்னால் நகர்ந்து வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள்.

"மிஸ், கொஞ்சம் இங்க வந்து பாருங்க."

"கோணலா ஒட்டியிருக்கா?"

"இல்ல மிஸ். எல்லாருக்கும் ஒரே மூக்கு."

சின்ன மிஸ் வந்து பார்த்தாள். சுவர் முழுக்கப் பிள்ளைகள். குண்டு முகம், நீள முகம், மீன் கண், முட்டைக் கண், வாழைப்பழ வாய், கொடுக்காப்புளி வாய். நடுவில் மட்டும், அச்சு வார்த்த மாதிரி, ஒரே மூக்கு.

"அப்போ நானும் இவனும் அண்ணன் தம்பியா?" என்றான் ஒருவன்.

"சீ, போடா. எங்க வீட்டுல இடமில்ல" என்றான் மற்றவன்.

"இது யாரு மூக்குடா? உன்னோடதா?"

"என்னோடது சப்பை. இது கூர்மையா இருக்கு பாரு. நுனியில லேசா தூக்கியிருக்கு."

ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துப் பார்த்தார்கள். யாருக்கும் பொருந்தவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லோரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கூர்மையான மூக்கு, எங்கோ நல்ல சமையல் வாசனை வருகிற மாதிரி நுனியில் லேசாகத் தூக்கிய மூக்கு, அவர்களுக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

"மிஸ்" என்றாள் ரேடியோ, சொந்தக் குரலில். "உங்க மூக்க எங்க எல்லாருக்கும் குடுத்துட்டீங்க."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் குழாய் சொட்டும் சத்தம் கேட்கவில்லை. சின்ன மிஸ் மட்டும் சுவருக்குப் பக்கத்தில் போனாள். எங்கயாவது உன் கை தெரிஞ்சா என்று மேடம் சொன்னார். இங்கே கை மட்டுமா தெரிகிறது, ஆளே தெரிகிறது. படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் திட்டம் எளிமையானது. ஒவ்வொரு மூக்கையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக வேறு வேறு மூக்கு போட்டுவிடுவது. சப்பை, கிளிமூக்கு, உருண்டை, குடைமிளகாய். ஒன்றுபோல் இன்னொன்று இல்லாவிட்டால் மேடம் எப்படிக் கண்டுபிடிப்பார்? வீட்டுத் தரையில் படங்களைப் பரப்பி, பென்சிலைச் சீவி, முதல் படத்தை முன்னால் இழுத்தபோது அம்மா வேலை முடிந்து வந்தாள்.

"யாருடி இவங்கல்லாம்? அத்தனையும் உன்ன உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

சின்ன மிஸ் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, பையை வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இவ்வளவுதானே? இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? நீ பொண்ணுங்க மூக்கப் போடு, நான் பசங்க மூக்கப் போடறேன். சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம். பென்சிலக் குடு."

"உனக்கு எங்கம்மா வரையத் தெரியும்?"

"ஏன் தெரியாது? அஞ்சாவதுல பரிசு வாங்கின மயிலு யாரு வரைஞ்சது?"

சின்ன மிஸ் நிமிர்ந்தாள். அந்த மயில் இன்னமும் ஹாலில் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததே அந்த மயிலை நம்பித்தான்.

"நான்தானே வரைஞ்சேன்."

"நீ வரைஞ்சது கோழி. நீ தூங்கினதும் நான் லேசா மட்டும் தொட்டேன்."

"லேசான்னா?"

"ஒரு தோகை. கழுத்த கொஞ்சம் நீட்டினேன். கொண்டை வெச்சேன். கால மாத்தினேன்."

"அப்புறம் என் கோழில என்னதான் மிச்சம்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கண்ணு உன்னோடதுதான்னு நினைக்கறேன். சின்னதா இருந்துச்சு, அத விட்டுட்டேன்."

சின்ன மிஸ் எழுந்து போய் மயிலுக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருஷமும் போகும்போதும் வரும்போதும் பார்த்த படம். இப்போது எப்படி உற்றுப் பார்த்தாலும் மயில்தான் இருந்தது. அவளுடைய கோழி அதற்குள் எங்கேயோ புதைந்து கிடந்தது. அழுகை வந்த மாதிரியும் இருந்தது, சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது.

"அந்தக் கோழிக்குப் பரிசு கிடைச்சிருக்காதுடி" என்றாள் அம்மா பின்னாலிருந்து, சமாதானமாக.

"கிடைச்சிருக்காதுதான். இருந்திருக்கும்ல?"

திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் பென்சில் இருந்தது. முன்னால் முயலின் முகம் இருந்தது. "அம்மா, அத தொடாத" என்று சின்ன மிஸ் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். முதல் நாள் வகுப்பில் வராத குரல் அது. அம்மா பென்சிலைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "தொடலடி, தொடல. பாத்துக்கோ." படங்களை அப்படியே சுருட்டிப் பையில் வைத்துவிட்டுச் சின்ன மிஸ் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா ஒரு கை பாத்திரத்திலும் ஒரு கை தட்டிலுமாக, அவள் கலந்து வைத்திருந்ததையே இன்னொரு முறை கலந்துவிட்டாள். அதற்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வகுப்பு தொடங்கியதும் படங்களைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அலமாரியிலிருந்து நீலப் பெயிண்ட்டை எடுத்து ஒரு தட்டில் ஊற்றி, இரண்டு உள்ளங்கையையும் அதில் அழுத்தி எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன மிஸ்?"

"பூட்டு. உங்க மூக்க எல்லாம் நான் போட்டுட்டேன். அது தப்பு. இப்போ அத அழிச்சிட்டு உங்க மூக்க நீங்களே போடப்போறீங்க. யாரு பேப்பர்லயாவது நீலமா ஏதாவது தெரிஞ்சா நான் தொட்டுட்டேன்னு அர்த்தம். கத்துங்க."

கத்தலாம் என்று ஆசிரியர் சொல்லிக் கேட்டதில்லை அந்த வகுப்பு. ரப்பர்கள் வேலையைத் தொடங்கின.

"கண்ணாடி வேணுமே மிஸ்."

"வேணாம். கண்ணாடியில பாத்தா தலைய வாரிக்கிட்டு உக்காந்துடுவீங்க. ஒரு கையால மூக்கப் பிடிச்சுப் பாருங்க. எங்க மேடு, எங்க பள்ளம், எங்க எலும்பு முடியுது. தொட்டுக்கிட்டே இன்னொரு கையால போடுங்க."

ஸ்கேல் மேடம் உள்ளே நுழைந்தது அப்போதுதான். ஒரு வகுப்பு முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மேடம் வாசலிலேயே நின்றார். மெல்ல மோந்து பார்த்தார். கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்துத் தன் மூக்கையும் மூடிக்கொண்டு, "சாக்கடை அடைப்பா?" என்றார்.

"இல்ல மேடம், மூக்கு வரையறோம்" என்றாள் ரேடியோ, மூக்கைப் பிடித்தபடியே. அந்தக் குரலை அவள் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மேடம் கைக்குட்டையை எடுத்தார். வெறுமையான பின் சுவரைப் பார்த்தார். நீலக் கைகளைப் பார்த்தார். அழித்த தடம் இருந்த ஒரு படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இங்க என்ன இருந்துச்சு?"

அழித்துத் தொலைத்தாயிற்று, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சின்ன மிஸ் வாயைத் திறந்தாள். "என் மூக்கு மேடம். எல்லாப் படத்துலயும் நான்தான் போட்டேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் போட்டேன்."

மேடம் "நடத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். காலியாக இருந்தது முயலின் பக்கத்து இடம்தான். நேராக அதில் உட்கார்ந்தார்.

சின்ன மிஸ் நடத்தினாள். நடத்தினாள் என்பதைவிட, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, சாமான் எதிலும் இடிக்காமல் பெஞ்சுகளுக்கு நடுவே போய் வந்தாள். காயக் காய மறுபடி தட்டில் அழுத்திக்கொண்டாள். அறை முழுக்க அவரவர் மூக்கைப் பற்றிய செய்திகள்.

"மிஸ், எனக்கு நடுவுல ஒரு முடிச்சு இருக்கு மிஸ். இது எப்ப வந்துச்சு?"

"என்னோடது ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. பந்து பட்டது அன்னிக்கு."

"அய்யோ, தொட்டுப் பாத்தா எங்க அத்தை மூக்கு."

"உங்க அத்தைகிட்ட குடுத்துடு போ."

"நான் இடது கைக்காரன் மிஸ்."

"அப்போ வலது கையால பிடி."

காகிதங்களில் வந்தவை பார்க்கக் கண் கூசின. ஒன்று முழங்கால் மாதிரி இருந்தது. ஒன்று செருப்பு மாதிரி. ஒன்று வாயைத் தாண்டி முகவாய்வரை போய்விட்டது. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் சின்ன மிஸ்ஸின் விரல்கள் தாமாக மடங்கி நீட்டிக்கொண்டன. ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

முயல் மட்டும் அழிக்கவில்லை. ரப்பரைக் கையில் வைத்து, படத்தின் மேல் முழங்கையைப் போட்டு மறைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"இது இருக்கட்டும் மிஸ். அன்னிக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்போ எங்கப்பா பாத்துட்டு, யாருடா இந்த ஆபீசர்னு கேட்டாரு."

பக்கத்தில் மேடம் உட்கார்ந்திருப்பதுகூடச் சின்ன மிஸ்ஸுக்கு மறந்துவிட்டது. அவன் அருகில் குந்தி உட்கார்ந்தாள். "அந்த ஆபீசர் மூக்கு என்னோடதுடா. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். திருப்பிக் குடுத்துடேன்."

முயல் அவள் மூக்கைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். கடன் கேட்டு வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிறவன் போல மெதுவாக, பத்திரமாக அழித்தான். பிறகு இடது கையால் தன் மூக்கைப் பிடித்தான். வலது கையில் பென்சில். கை நகரவில்லை. காகிதத்தை முட்டியது, நின்றது, முட்டியது. நிமிர்ந்து சின்ன மிஸ்ஸைப் பார்த்தான். எனக்கு மூக்கு வரல என்று சொன்ன அதே முகம். சின்ன மிஸ் இரண்டு நீலக் கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். புதுப் புடவை போயிற்று.

அப்போது மேடம் லேசாக முன்னால் சாய்ந்தார். அவர் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. "இங்க பாரு, எலும்பு முடியற இடத்துல லேசா" என்றபடி, கையிலிருந்த பேனாவால் முயலின் காகிதத்தில் சின்னதாக ஒரு கோட்டைத் தொடங்கினார்.

"குழந்தை பேப்பர்ல உன் பென்சில் படக் கூடாது."

அது மேடத்தின் குரல்தான். அதே விறைப்பு, அதே கண்டிப்பு. வந்தது மட்டும் முன் பெஞ்சிலிருந்து. சொல்லி முடித்த பிறகுதான் ரேடியோ வாயைப் பொத்தினாள்.

மேடத்தின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. சின்ன மிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடம் கொடுப்பார்கள் என்ற யோசனைகூட வந்துவிட்டது.

"யாரு குரல் அது?" என்றார் மேடம்.

மூக்கைப் பிடித்த கையை யாரும் எடுக்கவில்லை, யாரையும் காட்டிக் கொடுக்கவுமில்லை. ரேடியோ தானே எழுந்து நின்றாள்.

"உங்க குரல்தான் மேடம்."

மேடம் அவளைப் பார்த்தார். தன் பேனாவைப் பார்த்தார். நேர்க்கோடாக இருந்த உதடு ஒரு ஓரத்தில் மட்டும் வளைந்தது. வளைந்தது நிற்காமல் மறு ஓரம்வரை போயிற்று. "என் குரல் இவ்வளவு கறாராவா இருக்கு?" என்றார். எழுந்தார். வளையலை மேலே ஏற்றிவிட்டு, நேராக மேஜைக்கு நடந்துபோய், நீலத் தட்டில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தினார்.

அதற்கப்புறம் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு அறையில் நடந்தார்கள்.

திரும்பி வந்த மேடம் முயலிடம் குனிந்து, "என் கோடு மை. அழியாது. என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். முயல் பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசித்தான். "பரவால்ல மேடம். கொசு உக்காந்திருக்குன்னு வெச்சுக்கறேன்" என்று சொல்லி அதற்கு இரண்டு இறக்கை போட்டான். கொசு வந்ததும் அது உட்கார ஓர் இடம் வேண்டுமே. அதன் கீழே மூக்கை இழுத்தான். கொஞ்சம் பருத்த, நடுவில் பள்ளம் விழுந்த மூக்கு. ஆபீசர் போய்விட்டார். தொட்டுப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், திரும்பத் தொட்டுப் பார்த்தான். "இதான்" என்றான்.

வகுப்பு முடிகிற நேரம் தொட்டியில் இருவரும் கை கழுவினார்கள். நீலம் ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது.

"நேத்து வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியாமே, பிள்ளைங்க சொன்னாங்க. வேற வேற மூக்கா போட்டு மாட்டியிருக்கலாம். எனக்கே தெரிஞ்சிருக்காது. ஏன் போடல?"

"போடத்தான் மேடம் எடுத்துட்டுப் போனேன்."

"அப்புறம்?"

"எங்கம்மா பென்சிலக் கேட்டாங்க."

மேடத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். கையை உதறிவிட்டு, "பாஸ். நல்ல மார்க்கெல்லாம் கிடையாது. சொன்ன சொல்லக் கேக்கல, அதுக்குக் குறைப்பேன். ஆனா பாஸ்" என்றார். சின்ன மிஸ்ஸுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்து உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. சேர்ந்ததும் குழாயை மூட மறந்து நின்றாள்.

பிள்ளைகள் படங்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். முழங்கால், செருப்பு, அத்தை, கொசு. மேடம் பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். அப்போது முயல் தன் படத்தின் முன்னால் நின்று தலையைத் திருப்பினான்.

"மிஸ், அப்போ காது?"

"காதுக்கு என்னடா?"

"மறுபடி வரிசையில வந்தப்போ அதையும் நீங்கதானே போட்டீங்க."

வாசலில் மேடத்தின் முதுகு ஒரு நொடி நின்றது. பிறகு வழக்கத்தைவிட வேகமாக நடந்து படியிறங்கிப் போய்விட்டது. சின்ன மிஸ் சுவரைப் பார்த்தாள். இடமும் வலமுமாகச் சுவர் முழுக்க ஒரே காது.

மணி அடித்தது. பெரிய சார், அலமாரிக்கு மேலிருந்து எப்போது எடுத்தாரோ, குடுவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "டிரெயினிங் முடிஞ்சுதாமே, சந்தோஷம்மா. அடுத்த பீரியடும் இவங்களுக்கு டிராயிங்தான். இனி நான் பாத்துக்கறேன்."

"இந்த ஒரு பீரியட் மட்டும் எனக்குக் குடுங்க சார்."

பெரிய சார் குடுவையைப் பார்த்தார், நூலகம் இருந்த திசையைப் பார்த்தார். வாக்குவாதம் எதுவும் செய்யாமல் குடுவையோடு போய்விட்டார்.

"ரப்பர உள்ள வெக்காதீங்க" என்றாள் சின்ன மிஸ். இந்த முறை அந்தக் குரல் பின் பெஞ்சுவரை போயிற்று. அவள் மறுபடி தட்டில் கையை அழுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியை அந்தப் பக்கமாக ரோந்து வந்தார். ஓவிய அறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஏழாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று அசந்துபோய், தொந்தரவு செய்யாமல் அடிமேல் அடி வைத்து நகர்ந்தார்.